காளான் வளர்ப்பும் மகளிரின் நேரக் கணக்கும்

சிப்பிக் காளான் வளர்ப்பு சிறு, குறு உழவர் குடும்பங்களுக்கு ஏற்ற துணைத் தொழில்களில் ஒன்றாகும். இதற்குத் தனி நிலம் வேண்டியதில்லை. ஓர் ஓலைக் கொட்டகை, வைக்கோல், சுத்தமான தண்ணீர், தரமான காளான் வித்து ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். போட்ட பணம் நான்காவது வாரத்திலிருந்தே திரும்பத் தொடங்கும். வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யலாம் என்பதால் உழவர் குடும்பத்துப் பெண்கள் பலர் இதை விரும்பிக் கற்கின்றனர்.

ஆனால், கற்றுத் தொடங்கியவர்கள் எல்லோரும் தொடர்ந்து செய்வதில்லை. சிலர் ஓர் ஆண்டுக்குள் கொட்டகையை விறகு அடுக்கும் இடமாக மாற்றிவிடுகின்றனர். காரணம் கேட்டால் வித்து சரியில்லை, ஈத் தொல்லை, விலை இல்லை என்பார்கள். இவை உண்மையான காரணங்களே. எனினும் இவற்றுக்கு முன்னால் நிற்கும் காரணம் ஒன்று உண்டு. தண்ணீர் தெளிக்க வேண்டிய நேரத்தில் தெளிக்க ஆளில்லை. பறிக்க வேண்டிய நாளில் பறிக்கக் கை ஓயவில்லை. வித்துக்கும் வைக்கோலுக்கும் கணக்குப் போட்டவர்கள், தொழிலை நடத்தும் பெண்ணின் நேரத்துக்குக் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போடும் முறையே இவ்வாரப் பாடம்.

வீட்டு வேலையும் வேலைதான்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகின்றனர் என்று அதில் தெரிய வந்தது. இது ஏறக்குறைய 5 மணி நேரம். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேரவில்லை, அது தனி.

உழவர் வீட்டில் இத்துடன் மாட்டுத் தொழுவமும் வயலும் சேர்ந்துகொள்கின்றன. சாணம் அள்ளுவது, பால் கறப்பது, புல் அறுப்பது, நடவு, களை, அறுவடை என்று ஆண்டு முழுதும் வேலை உண்டு. இவ்வளவுக்கும் மேலே ஒரு புதுத் தொழிலை ஏற்றும்போது, அதற்கான நேரம் எங்கிருந்து வரும் என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அது தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். தூக்கத்தைக் கொடுத்து நடத்தும் தொழில் நீண்ட நாள் நடக்காது.

முதல் வாரம்: பதிவு மட்டும்

காளான் வித்து வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். ஒரு பழைய நோட்டில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை மணிக்கு ஒரு வரியாகக் கோடு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு மணியிலும் செய்த வேலையை இரவில் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டிலுள்ள ஆண்களின் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுவது நல்லது. யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. பகிர்ந்துகொள்ளக்கூடிய நேரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே.

ஏழு நாள் எழுதி முடித்தால் இரண்டு செய்திகள் தெரிய வரும். ஒன்று, நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் கைவசம் உள்ளது என்பது. மற்றொன்று, அது எந்த வடிவில் உள்ளது என்பது. பகலில் தொடர்ச்சியாக 3 மணி நேரம் கிடைப்பதும், அரை அரை மணியாக ஆறு இடங்களில் கிடைப்பதும் ஒன்றல்ல. காளான் தொழிலுக்கு இரண்டு வகை நேரமும் வேண்டும். எந்த வேலைக்கு எது என்பதைக் கீழே காணலாம்.

படுக்கை போடும் நாள்

காளான் படுக்கை போடுவதே இத்தொழிலில் தொடர்ச்சியாக நேரம் கேட்கும் வேலை. ஆயினும் இடையிடையே காத்திருக்கும் நேரமும் இதில் உண்டு. அதை அறிந்து திட்டமிட்டால் சமையலும் தடைப்படாது.

முதல் நாள் மாலையே வைக்கோலை 5 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்த, பூசணம் பிடித்த வைக்கோல் கூடாது. மறுநாள் காலை 5 மணிக்குத் தொட்டியில் ஊறப்போட்டால் 10 மணிக்குள் நன்கு ஊறிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஊறிய வைக்கோலை 80 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் கையில் தெரிய வேண்டும். ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. இதுவே சரியான பதம். அது உலரும் நேரத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.

பிற்பகலில் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு, 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு கைப்பிடி வித்தைத் தூவ வேண்டும். இவ்வாறு நான்கு அல்லது ஐந்து அடுக்குகள் போட்டு, மேலே வைக்கோலால் மூடி வாயைக் கட்டிவிட வேண்டும். பையின் நடுப்பகுதியில் 1 செ.மீ. அளவில் இரண்டு துளைகள் இட வேண்டும். ஒரு வித்துப் பையைக் கொண்டு இரண்டு படுக்கைகள் போடலாம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் இவ்வேலையை முடித்துவிடலாம். கொதிக்கும் தண்ணீர்ப் பீப்பாய் அருகில் குழந்தைகள் நடமாடக் கூடாது என்பதற்காகவும் பள்ளி நாளே ஏற்றது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கும் நாளில்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

காலை 5 மணிக்குத் தொடங்கிப் பிற்பகலில் முடிந்தாலும், இதில் கை வேலை 3 மணி நேரமே. மற்றது வைக்கோல் தானாக ஊறும், வேகும், உலரும் நேரம்.

காத்திருக்கும் வேலையும் காத்திருக்காத வேலையும்

போட்ட படுக்கைகளைக் கொட்டகையின் ஒரு பாதியில் உறி கட்டித் தொங்கவிட வேண்டும். அங்கு வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கலாம். 15 முதல் 20 நாட்களில் வெண்ணிற இழைகள் பை முழுதும் பரவிவிடும். இந்நாட்களில் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. பச்சை, கறுப்புப் பூசணம் தோன்றும் பைகளை மட்டும் உடனே அகற்றிக் கொட்டகைக்குத் தொலைவில் புதைத்துவிட வேண்டும்.

இழை பரவிய பின் பாலித்தீனை அறுத்து நீக்கிவிட்டு, படுக்கைகளைக் கொட்டகையின் மறு பாதிக்கு மாற்ற வேண்டும். இங்கு வெப்பம் 23 முதல் 25 டிகிரி வரையும், மிதமான வெளிச்சமும், நல்ல காற்றோட்டமும், ஈரப்பதமும் வேண்டும். தரையில் மணல் பரப்பி நனைத்து வைப்பது, சுற்றிலும் ஈரக் கோணிச் சாக்கு கட்டுவது ஆகியவை உதவும். படுக்கைகளுக்குக் கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளித்துவர வேண்டும். பாலித்தீனை நீக்கிய மூன்றாம் நாள் மொட்டுகள் தோன்றும்; அடுத்த மூன்று நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். பறித்து முடித்த படுக்கையின் மேற்பரப்பை இலேசாகச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்துவந்தால் இரண்டாவது, மூன்றாவது பறிப்பும் கிடைக்கும். படுக்கை போட்ட நாளிலிருந்து சுமார் 45 நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வைக்கோல் நறுக்குவது, பை வாங்கி வருவது, உறி கட்டுவது, கொட்டகையைச் சுத்தம் செய்வது ஆகியவை காத்திருக்கும் வேலைகள். இன்று முடியாவிட்டால் நாளை செய்யலாம். தண்ணீர் தெளிப்பதும் பறிப்பதும் காத்திருக்காத வேலைகள். ஒரு நாள் தவறினால் மொட்டு காய்ந்துவிடும். காளானின் ஓரம் சுருண்டு விலை போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்காத வேலைக்கு இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றொருவர் கை கொடுக்கலாம். தெரிந்தவர் ஒருவரே என்றால், அவர் படுத்த அன்று தொழிலும் படுத்துவிடும்.

காலை நேரம்தான் கடினமானது. பால் கறவை, சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் 6 மணிக்கும் 8½ மணிக்கும் இடையில் நெருக்குகின்றன. காளானைக் காலையில்தான் பறிக்க வேண்டும் என்று விதியில்லை. தண்ணீர் தெளிப்பதற்கு முன் பறிக்க வேண்டும் என்பதே விதி. மாலையில் வாங்கிக்கொள்ளும் கடையோ வாடிக்கை வீடுகளோ அமைந்தால், பிற்பகல் 3 மணிக்குப் பறித்துப் பொதியலாம். காலைச் சந்தைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், அந்த நேரத்துச் சமையலையோ கறவையையோ வேறொருவர் ஏற்க வேண்டும். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கி 2023இல் விரிவாக்கப்பட்ட காலைச் சிற்றுண்டித் திட்டம், அப்பள்ளிகளில் படிக்கும் சிறு பிள்ளைகளின் வீடுகளில் காலை நெருக்கடியைச் சிறிது குறைத்துள்ளது. அந்த அரை மணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை படுக்கை போடலாம்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இத்தொழிலுக்கு நன்கு பொருந்தும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள விலையும் நேரமும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையையும் தம் வீட்டு நேரத்தையும் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தில் வாரம் இரண்டு நாள், நாளைக்கு 6 வீதம், 12 படுக்கைகள் போடுவதாகக் கொள்வோம். படுக்கைக்கு அரை கிலோ வீதம் வாரம் 6 கிலோ காளான். கிலோ ரூ.150 வீதம் வரவு ரூ.900. வித்துப் பை 6க்கு ரூ.240, வைக்கோல், பாலித்தீன், விறகு, பொதியும் உறை ஆகியவற்றுக்கு ரூ.120, ஆகச் செலவு ரூ.360. மிச்சம் ரூ.540.

இனி நேரம். படுக்கை போட இரண்டு நாளும் சேர்த்து 6 மணி நேரம். தினமும் தண்ணீர் தெளிக்க அரை மணி, பறித்துப் பொதிய முக்கால் மணி, விற்பனைக்குக் கால் மணி; ஆக நாளுக்கு 1½ மணி, வாரத்துக்கு 10½ மணி. மொத்தம் 16½ மணி நேரம். ரூ.540ஐ 16½ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் ரூ.33.

இது குறைவாயிற்றே என்று தோன்றும். படுக்கையை இரு மடங்காக்கினால் என்ன என்று பார்ப்போம். வாரம் 24 படுக்கை, வரவு ரூ.1,800, செலவு ரூ.720, மிச்சம் ரூ.1,080. நேரம் இரு மடங்காவதில்லை. ஒரே அடுப்பில் சற்றுக் கூடுதலாக வேகவைக்கிறோம். ஒரே நடையில் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் தெளிக்கிறோம். படுக்கை போட 8 மணி, தினசரி வேலை 2 மணி வீதம் 14 மணி, மொத்தம் 22 மணி நேரம். மணிக்குச் சுமார் ரூ.49. பெருக்கினால் ஆதாயம்தான்.

ஆனால் கூடுதலாக வரும் 5½ மணி நேரம் யாருடையது என்பதே கேள்வி. நோட்டில் அந்த நேரம் இல்லாமல் படுக்கையை மட்டும் கூட்டினால், தெளிப்பு தவறும், பறிப்பு தள்ளிப்போகும். காளானில் நான்கில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் வரவு ரூ.1,350ஆகக் குறையும். செலவு அதே ரூ.720. மிச்சம் ரூ.630, மணிக்குச் சுமார் ரூ.29. அதாவது இரு மடங்கு படுக்கை போட்டு, 5½ மணி கூடுதலாக உழைத்தும் வாரத்துக்குக் கூடிய வருமானம் 90 ரூபாய்தான். உடம்பும் அலுத்துப்போகும். தொழிலில் நட்டம் என்ற பேச்சும் வந்துவிடும்.

அதே 5½ மணி நேரத்தைக் கணவரோ வீட்டிலுள்ள மற்றவரோ ஏற்றுக்கொண்டால், பெண்ணின் வேலை நேரம் பழைய 16½ மணியாகவே இருக்கும், குடும்பத்துக்கு ரூ.1,080 முழுதும் கிடைக்கும். ஆகவே படுக்கையின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் கைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கூட்ட முடியாத வீட்டில் 12 படுக்கையோடு நிற்பதே சரி. அதில் தவறில்லை.

மணிக்குக் கிடைப்பதை உள்ளூர்க் கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அரை மணி, முக்கால் மணியாகச் சிதறிக் கிடக்கும் நேரத்தை யாரும் கூலிக்கு எடுப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. அந்தச் சிதறிய நேரத்துக்கு விலை கிடைக்கச் செய்வது வீட்டுத் தொழிலின் நன்மை. தொடர்ந்து முழு நாள் கூலி வேலை கிடைக்கும் பருவத்தில் எது ஆதாயம் என்று கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.

நான்கு வாரம் முன்னால் பார்க்க வேண்டும்

காளான் படுக்கையைப் போட்ட பிறகு நிறுத்த முடியாது. போடாமல் நிறுத்த முடியும். இன்று போடும் படுக்கை நான்காவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை பறிப்பு வேலை வைக்கும். ஆகவே படுக்கை போடும் நாளில் இன்றைய ஓய்வைப் பார்க்கக் கூடாது. நான்கு வாரம் கழித்து வீட்டிலும் வயலிலும் என்ன வேலை இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

தை மாதம் முதல் இரு வாரங்களில் நெல் அறுவடை இருக்கும் வீட்டில், மார்கழி முதல் மூன்று வாரங்களில் போடும் படுக்கைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பெண்ணின் பிரசவம், வீட்டுத் திருமணம், பிள்ளைகளின் பொதுத் தேர்வு ஆகியவையும் முன்கூட்டியே தெரிந்தவைதான். நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்துவிட்டு, அதிலிருந்து நான்கு வாரம் பின்னோக்கி எண்ணி, அங்கே படுக்கையைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். வாடிக்கைக் கடைக்காரரிடமும் இத்தனாம் தேதியிலிருந்து இரு வாரம் சரக்குக் குறையும் என்று முன்பே சொல்லிவிட்டால் உறவு கெடாது. சொல்லாமல் நிறுத்தினால் அவர் வேறிடம் போய்விடுவார்.

கோடையில் சமவெளிப் பகுதிகளில் சிப்பிக் காளானுக்கு வேண்டிய குளிர்ச்சியைக் காப்பது கடினம். தண்ணீர்த் தட்டுப்பாடும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலிருப்பதும் அப்போதுதான். அக்காலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 என்னும் பால் காளான் ஏற்றது. எனினும் அதற்கு மேல்மண் இடும் வேலை கூடுதல். நேரம் இருப்பவர்கள் அதைச் செய்யலாம். இல்லாதவர்கள் இரண்டு மாதம் கொட்டகையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஓலை மாற்றிக்கொள்ளலாம். அந்த இடைவெளியால் ஈயும் பூசணமும் குறையும்.

யார் எதைச் செய்வது?

வைக்கோல் கொண்டு வருவதும் நறுக்குவதும் ஆண்கள் செய்யலாம். ஈர வைக்கோல் கனமானது; பீப்பாயிலிருந்து அதைத் தூக்கி வடிப்பதைப் பெண்கள் தனியாகச் செய்யக் கூடாது. கருவுற்ற பெண்கள் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும். வயலுக்குப் போகும் வழியில் காளானைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவதும் ஆண்கள் ஏற்கக்கூடியதே. மாமியார், மாமனார் போன்ற பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தில் எடை போட்டுப் பொதிந்து தரலாம். அவர்கள் செய்வதைத் தொழிலின் வேலையாகவே மதித்து, மாதம் ஒரு சிறு தொகையாவது அவர்கள் கையில் கொடுப்பது நன்று.

பிள்ளைகள் விடுமுறை நாளில் கணக்கு எழுதலாம்; தண்ணீர் தெளிக்கலாம். ஆனால் காளான் பறிப்பதற்காகப் பள்ளிக்குத் தாமதமாகப் போகும் நிலை வரக் கூடாது. குறிப்பாக, அம்மாவின் வேலை கூடியவுடன் அடுப்படி வேலை பெண் பிள்ளையின் தலையில் விழுவது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. அம்மாவுக்குக் கிடைக்கும் வருமானம் மகளின் படிப்பைக் கெடுத்துக் கிடைத்தால் அது வருமானம் ஆகாது. வேலையைப் பகிர்வதென்றால் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே பகிர வேண்டும்.

அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள் இத்தொழிலைச் செய்தால், முறை வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் மூவருக்கும் வைக்கோல் வேகவைக்கலாம். விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் தண்ணீர் தெளிக்கலாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992 முதல் இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முறையை நபார்டு வங்கி நடைமுறைக்குக் கொண்டு வந்தது. குழு என்றால் கடன் வாங்கும் இடம் மட்டும்தான் என்று எண்ண வேண்டியதில்லை. நேரத்தைக் கடன் கொடுத்து வாங்கவும் அது உதவும்.

உடல் நலம்

முதிர்ந்த காளானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகள் காற்றில் பறக்கும். மூடிய அறையில் தொடர்ந்து இதைச் சுவாசித்தால் இருமலும் மூச்சுத் தொல்லையும் வரக்கூடும். ஆகவே பறிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாலோ முகக் கவசத்தாலோ மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே போகுமுன் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். முற்றவிடாமல் உரிய நாளில் பறிப்பதும் இதற்கு ஒரு தடுப்பு முறையே. இடமில்லை என்று படுக்கும் அறையில் காளான் வளர்ப்பதும், கொட்டகையில் தொட்டில் கட்டுவதும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் பறிப்பு வேலையை வேறொருவரிடம் விட வேண்டும். இருமல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போகும்போது காளான் தொழில் செய்வதைச் சொல்ல வேண்டும்.

பணக் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வீட்டுத் தொழிலில் கணக்குப் பார்க்காததாலேயே உழக்கு மிஞ்சாமல் போகிறது. காளான் விற்ற காசு அன்றாட மளிகையில் கலந்துவிட்டால், அடுத்த வாரம் வித்து வாங்கப் பணம் இருக்காது.

இதற்கு எளிய முறை உண்டு. விற்ற பணத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதலில் அடுத்த வார வித்துக்கும் வைக்கோலுக்குமான தொகை. இதைத் தொடக் கூடாது. அடுத்தது ஓலை மாற்றவும் தெளிப்பான் பழுது பார்க்கவும் ஒரு சிறு தொகை. மீதியே உழைப்புக்கான ஊதியம். இதில் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததை, வீட்டுக்குக் கொடுத்தது என்று எழுதியே கொடுக்க வேண்டும். பெண்ணின் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருப்பது நல்லது. கணக்கு எழுதப்பட்டிருந்தால்தான், இத்தொழில் குடும்பத்துக்கு என்ன தருகிறது என்பது மற்றவர்களுக்கும் தெரியும். அது தெரிந்த வீட்டில், தண்ணீர் தெளிக்க ஆள் கேட்டால் மறுப்பு வருவதில்லை.

மிஞ்சிய காளானும் கழிவும்

சிப்பிக் காளான் விரைவில் கெடும் பொருள். துளையிட்ட பாலித்தீன் உறையில் பொதிந்து அன்றே விற்பது நல்லது. குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மிஞ்சியதை வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளலாம். ஊறுகாய், பொடி என்று செய்து விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் இதற்கும் நேரம் வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பச்சைக் காளானை விற்கவே நேரம் போதாத வீட்டில் ஊறுகாயைத் தொடங்கக் கூடாது. பறித்து முடித்த படுக்கை வைக்கோலைக் குப்பைக் குழியில் இட்டு மட்கவைத்தால் நல்ல எருவாகும்.

தொடங்கும் முறை

முதல் வாரம் நேரப் பதிவு. இரண்டாம் வாரம் குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, காத்திருக்காத வேலைகளுக்கு இரண்டு பேரை முடிவு செய்வது. மூன்றாம் வாரம் 4 படுக்கைகள் மட்டும் போட்டுப் பார்ப்பது. அந்த நான்கும் 45 நாள் ஓடி முடியும்வரை நேரத்தையும் பணத்தையும் எழுதி வர வேண்டும். மணிக்கு என்ன கிடைத்தது, எந்த நாளில் தெளிப்பு தவறியது, ஏன் தவறியது என்று நோட்டே சொல்லிவிடும். அதன் பிறகே கொட்டகையைப் பெரிதாக்கவோ கடன் வாங்கவோ யோசிக்கலாம்.

கறவை மாடு, நாட்டுக் கோழி, தையல், மாவு அரைப்பு என்று வேறு தொழில் செய்யும் மகளிருக்கும் இதே முறை பொருந்தும். காத்திருக்காத வேலை எது என்று கண்டுபிடித்து, அதற்கு இரண்டு கைகளை ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். காளான் வளர்ப்புப் பயிற்சிக்கும் தரமான வித்துக்கும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண்மைக் கல்லூரியின் பயிர் நோயியல் துறையையோ அணுகலாம். பயிற்சிக்குப் போகும்போது கணவரும் மனைவியும் சேர்ந்தே போவது நல்லது. ஒருவர் மட்டும் கற்றால் வேலையும் ஒருவர் தலையிலேயே நின்றுவிடும்.